இருநூறு நீளம்: ஒரு நன்கொடை நீச்சல் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் 43 வயதுப் பெண். நாள் முழுவதும் மேசை முன் அமர்ந்து வேலை பார்ப்பவர். போட்டி நீச்சலில் எக்காலத்திலும் இறங்கியவர் அல்லர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக, 25 மீட்டர் நீச்சல் குளத்தில் 5 கிலோமீட்டர், அதாவது 200 நீளம் (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நீளம்), ஒரே தடவையில் நீந்துவதாக அறிவித்து, 46 பேரிடம் நிதி வாக்குறுதி பெற்றார். நான் அவருடன் வேலை பார்ப்பவன். பயிற்சிக் காலம் முழுவதும் கரையில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை எழுதியவன். அவருடைய இசைவோடு, பெயரைத் தவிர்த்து, அந்த நோட்டிலிருந்தும் நினைவிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

16 வாரங்களில் முடிய வேண்டிய முயற்சி 19 வாரங்கள் எடுத்தது. இடையில் பத்து நாள் அவரால் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலவில்லை. மூன்றாம் வாரத்தில் களைப்பே தெரியாமல் 400 மீட்டர் நீந்தியவர், ஆறாம் வார முடிவில் சட்டை மாட்டவே சிரமப்படும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வயதையும் உடற்பயிற்சி இன்மையையும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நோட்டை மறுபடி புரட்டிப் பார்க்கையில், நாங்கள் எதை எண்ணினோம், எதை எண்ணாமல் விட்டோம் என்பதில்தான் காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அறிவிப்பு முந்திக்கொண்டது

அறிவித்த நாளில் அவரால் நிற்காமல் நீந்த முடிந்த தூரம் 100 மீட்டர். அதற்கு 3 நிமிடம் 10 விநாடி பிடித்தது. நான்காவது நீளத்தின் முடிவில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பேச இயலாமல் இரண்டு நிமிடம் இரைத்துக்கொண்டிருந்தார். ஒரு நீளத்துக்கு 29 முறை கை வீசினார். இதையெல்லாம் நாங்கள் அளந்தது அறிவித்த பிறகுதான். 5 கிலோமீட்டர் என்ற தூரத்தை அவர் தேர்ந்ததற்கு நீச்சல் சார்ந்த காரணம் எதுவும் கிடையாது. ஒரு கிலோமீட்டர் என்றால் யாரும் பணம் தரமாட்டார்கள், பத்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதே அவருடைய கணக்கு. ஒரு மாலைப்பொழுதில் தெரிந்தவர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பினார்; ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது பேர் தொகை சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் பின்வாங்க வழியில்லை. வாய் கொடுத்தாயிற்று.

நாற்பதைக் கடந்தவர் என்பதால் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொண்டார். தடை ஏதும் சொல்லப்படவில்லை. பயிற்சியாளர் கிடைத்தது இரண்டாம் வாரத்தில். முறைப்படி இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்: முதலில் பயிற்சியாளர், மூன்று நான்கு வாரம் நீந்திப் பார்த்தல், பிறகு தூரம், கடைசியில் அறிவிப்பு. இதை அவரிடமே சொன்னேன். அப்படிச் செய்திருந்தால் இரண்டாம் வாரத்தோடு நின்றிருப்பேன், 46 பேர் கேட்பார்கள் என்ற பயம்தான் காலை ஐந்தரை மணிக்கு என்னைத் தண்ணீரில் இறக்கியது என்றார். அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. முன்கூட்டிய அறிவிப்பு அவரைக் காயப்படுத்தவும் செய்தது, குளத்துக்குக் கொண்டுவரவும் செய்தது.

மூச்சு

தொடக்கத்தில் தனக்குத் தெம்பு போதவில்லை என்றே அவர் நம்பினார், நானும் நம்பினேன். பயிற்சியாளர் ஒரு நீளம் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை வேறு: “முதல்ல மூச்சை விடுங்க மேடம், வாங்குறது தானா வரும்.”

முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் அவர் மூச்சை அடக்கி வைத்திருந்தார். வாய் வெளியே வரும் அரை விநாடியில் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைபடும், குறைபடுவது பெரும்பாலும் இழுப்பது. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை உடலில் கிளப்புவது முதன்மையாக இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். ஆக்சிஜன் குறைவதற்கு வெகு முன்பே அந்தத் தவிப்பு வந்துவிடும். ஆகவே, நுரையீரலில் காற்று இருந்தும் அவர் மூழ்குபவர் போல் பதறினார். பதற்றத்தில் தலையை முன்னால் உயர்த்தினார். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் சாய்வாகக் கிடக்கும் உடலை இழுத்துச் செல்வது, கிடந்தபடியே நழுவுவதைப் போலப் பல மடங்கு உழைப்பைக் கேட்கும். தெம்புக் குறைவு என்று நாங்கள் நினைத்ததில் பெரும்பங்கு இப்படி வீணாகிய தெம்பு.

திருத்தும் முறை பார்க்கச் சிரிப்பூட்டுவதாக இருந்தது. ஆழமில்லாத பக்கத்தில் சுவரைப் பிடித்து நின்று, முகத்தை அமிழ்த்தி, “ம்ம்ம்” என்று முனக வேண்டும். முனகினால் மூக்கு வழியே காற்று தானாக வெளியேறும். முனகல் நின்றால் மூச்சு அடக்கப்படுகிறது என்று கரையில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். காலை நேரத்தில் வேறு யாரும் இல்லாத குளத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் அந்த முனகலையும் அதன் முடிவில் மேலே வந்து உடையும் குமிழிகளையும் பத்து நாள் கேட்டேன். மூன்றாம் வார முடிவில் அவர் 400 மீட்டரை நிற்காமல் நீந்தினார். ஒரு நீளத்துக்கான கைவீச்சு 29-இலிருந்து 24-ஆகக் குறைந்திருந்தது. வயது வந்த பிறகு ஃப்ரீஸ்டைல், அதாவது கவிழ்ந்தபடி மாறி மாறிக் கை வீசும் நீச்சல், கற்பவருக்கு இதைவிடப் பெரிய திருப்பம் பிற்பாடு எதுவும் வருவதில்லை என்பது என் எண்ணம். அந்த மூன்று வாரத்தின் பலன்தான் கடைசிவரை அவரைத் தாங்கியது.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

சிக்கல் இந்த வெற்றியிலிருந்தே தொடங்கியது. மூச்சு பிடிபட்டுவிட்டதால் இனி தூரம்தான் மீதி என்று அவர் முடிவு செய்தார். மூன்றாம் வாரம் மொத்தம் 3 கிலோமீட்டர் நீந்தியவர், நான்காம் வாரம் 5, ஐந்தாம் வாரம் 8, ஆறாம் வாரம் 11 என்று ஏற்றினார். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் பொதுவான எச்சரிக்கை. அது கல்லில் எழுதிய விதியன்று. தொடக்க நிலையில் அதைவிடச் சற்று வேகமாகக் கூட்டினாலும் பலருக்குத் தாங்கும். ஆனால் மூன்று வாரத்தில் மூன்றரை மடங்குக்கு மேல் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. பயிற்சியாளர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். ஏற்றம் எல்லாம் அவர் வராத நாள்களில் நடந்தது.

இந்த ஏற்றத்தைத் தூண்டியது எது என்று பார்த்தால், ஞாயிறுதோறும் நிதி தருவோருக்கு அவர் அனுப்பிய செய்திதான் கண்ணில் படுகிறது. “இந்த வாரம் 200 நீளம்” என்று எழுதினார், வாழ்த்துகள் வந்தன. அடுத்த வாரம் “320 நீளம்” என்று எழுதினார். வாழ்த்துகள் கூடுதலாக வந்தன. அடுத்த ஞாயிறன்று குறைவான எண்ணை எழுத யாருக்கு மனம் வரும்? 46 பேரில் 11 பேர் ஒரு நீளத்துக்கு இவ்வளவு என்ற முறையில் தொகை சொன்னவர்கள். அதனால் நீளம் என்ற சொல்லே அவர் மனத்தில் பணமாக மாறிவிட்டிருந்தது. பயிற்சியில் நீந்தும் நீளத்துக்கு யாரும் பணம் தரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த எண் ஒரு போதையாகிவிட்டது.

என் பங்கும் இதில் உண்டு. நோட்டில் தூரத்துக்கு ஒரு பத்தியும், அன்றைய முதல் நீளத்திலும் கடைசி நீளத்திலும் எத்தனை கைவீச்சு என்பதற்கு இன்னொரு பத்தியும் நானே போட்டிருந்தேன். ஐந்தாம் வாரத்தில் இரண்டாம் பத்தி “24 – 28” என்கிறது. ஆறாம் வாரம் புதன்கிழமை “25 – 30”. அதாவது ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்ற நீச்சலோடு தண்ணீரில் இறங்கி, பழைய நீச்சலோடு கரையேறிக்கொண்டிருந்தார். களைப்பில் உடல் பழைய வழக்கத்துக்குத் திரும்பிய அந்த அரை மணி நேரம்தான் தோளைத் தேய்த்தது. எழுதினேனே ஒழிய, எழுதியதைப் படிக்கவில்லை.

ஆறாம் வாரத்தின் 11 கிலோமீட்டர் என்பது 440 நீளம். சராசரி 27 கைவீச்சு என்று வைத்தால் 11,880 வீச்சு. ஒவ்வொரு தோளுக்கும் ஏறத்தாழ 6,000. அந்த வாரச் சனிக்கிழமை மாலை, அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியை எடுக்கக் கை தூக்கியபோது, இடத் தோளின் முன்பக்கத்தில் சுரீரென்று குத்தியது என்றார். கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னபோது பாதி உயரம் வரை வலியில்லை. தோள் மட்டத்தை ஒட்டி வரும்போது வலித்தது. அதைத் தாண்டி மேலே போனபின் மீண்டும் குறைந்தது. கையை உயர்த்தும் தசைநார் தோளின் எலும்புகளுக்கிடையே நசுங்குவதற்குரிய வழக்கமான அறிகுறி இது என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். நீச்சல்காரர் தோள் என்று பெயரே வைத்துவிடும் அளவுக்கு நீந்துபவர்களிடம் பரவலாகக் காணப்படும் தொல்லை.

வலப்பக்கம் மட்டுமே மூச்சு வாங்குபவருக்கு இடத் தோளில் ஏன் வலி என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கரையிலிருந்து எடுத்த படப்பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் விளங்கியது. வலப்பக்கம் தலை திரும்பும்போது, முன்னே நீண்டிருக்கும் இடக்கைதான் உடலைத் தாங்கும் துடுப்பாக வேலை செய்கிறது. களைத்த நிலையில் அவர் அந்தக் கையைக் கீழே அழுத்தி, அதன் பலத்தில் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, அந்தக் கை தலைக்கு நேர் முன்னே நடுக்கோட்டைத் தாண்டி, கட்டைவிரல் முதலாகத் தண்ணீரில் நுழைந்தது. அப்படி நுழையும்போது மேல்கை எலும்பு உட்பக்கமாகத் திருகி, ஏற்கெனவே குறுகலான இடத்தை மேலும் குறுக்கும். வலக்கைக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை.

படிவத்தில் இருந்த சொல்

நான்கு நாள் அவர் நிதி தருவோர் யாரிடமும் சொல்லவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீந்தலாமா என்று என்னிடம் கேட்டார். வலி தெரியாமல் இருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியாமல் போகும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஊரறிய ஏற்றுக்கொண்ட சவாலில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டுகள் உண்டு. 2006-இல் ஆங்கிலக் கால்வாயை 10 மணி 34 நிமிடத்தில் கடந்து அறப்பணிக்கு நிதி திரட்டிய பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ், 2011-இல் தேம்ஸ் நதியில் 140 மைல் தூரத்தை எட்டு நாளில் நீந்தியபோது, வயிற்றுக் கோளாறும் காய்ச்சலும் வந்த பிறகும் தொடர்ந்தார். அவருக்குப் பின்னால் படகும் மருத்துவக் குழுவும் இருந்தன. அந்தத் துணை எதுவும் இல்லாத ஒருவர் அதே பிடிவாதத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்வது ஆபத்து.

ஐந்தாம் நாள், வாக்குறுதிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையில் என்ன வாக்களித்திருக்கிறோம் என்று இருவரும் வரி வரியாகப் படித்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். படிவத்தில் “5 கிலோமீட்டர் நீந்துவேன்” என்று இருந்தது. எந்த நீச்சல் வகை என்று இல்லை. நாள் குறிப்பிடப்பட்டிருந்தது, ஆனால் மாற்ற முடியாது என்று இல்லை. முடிக்காவிட்டால் நிலையான தொகை சொன்னவர்கள் தருவார்களா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, “ஒரு சுற்றுக்கு” என்று தலைப்பிட்ட கட்டம். எங்கள் கணக்கில் சுற்று என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை, 25 மீட்டர். நிதி தருவோரில் வயதில் மூத்த ஒருவரிடம் இதைப் பேசியபோது, “என்னம்மா, ஒரு ரவுண்டுன்னா போயிட்டு வர்றதுதானே?” என்றார். அவர் மனத்தில் இருந்தது 100 சுற்று; படிவத்தின்படி அவர் தர வேண்டியது 200-க்கு. விசாரித்ததில் 11 பேரில் நான்கு பேர் அவரைப் போலவே நினைத்திருந்தார்கள். குறித்த நாள் வந்து நீச்சல் முடிந்தபின் இது தெரியவந்திருந்தால், அவர்கள் நினைத்திருந்ததைப்போல் இரண்டு மடங்கு தொகையை முகத்தைப் பார்த்துக் கேட்க நேர்ந்திருக்கும்.

அன்றிரவே எல்லோருக்கும் ஒரே செய்தி போயிற்று. தோளில் காயம், பத்து நாள் ஓய்வு, தூரத்தில் மாற்றமில்லை, நாள் மூன்று வாரம் தள்ளிப் போகிறது, தேவைப்பட்டால் இடையே மல்லாந்து நீந்தவும் செய்வேன், சுற்று என்பது இனி 25 மீட்டர், நீளக் கணக்கில் தருவோர் தாங்கள் தரும் உச்சத் தொகையைச் சொல்லிவிடலாம், விலக விரும்புவோர் தாராளமாக விலகலாம் என்று எழுதினார். யாரும் விலகவில்லை. மல்லாந்து நீந்துவது ஏமாற்று வேலை ஆகாதா என்று ஒருவர் மட்டும் கேட்டார். 1875-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த மேத்யூ வெப், 21 மணி 45 நிமிடமும் தவளை நீச்சல் எனப்படும் பிரஸ்ட் ஸ்ட்ரோக்கில்தான் நீந்தினார் என்று பதில் எழுதினோம். அவர் அதன்பின் தொகையைக் கூட்டினார் என்பது வேறு கதை.

நீளக் கணக்கில் நிதி பெறுவதை இதற்குப் பிறகு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீந்துபவரின் தோளுக்கும் அறக்கட்டளையின் வரவுக்கும் நேர் முரண்பாட்டை அது உண்டாக்குகிறது. ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த 11 பேர்தான் மற்ற எல்லோரையும்விட அக்கறையாக விசாரித்தார்கள், அன்றைய நாளில் குளத்துக்கே வந்த மூவரும் அவர்களில் சேர்ந்தவர்கள்.

மீண்டும் தண்ணீரில்

பத்து நாளும் குளத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. கைகளைப் பக்கவாட்டில் வைத்து, மல்லாந்து கால் மட்டும் அடித்தார். கையில் பிடித்துக்கொண்டு கால் அடிக்க உதவும் மிதவைப் பலகையான கிக் போர்டு தவிர்க்கப்பட்டது. அதைப் பிடித்துக் கையை நீட்டி வைத்திருப்பதே தோளை அதே குறுகலில் நிறுத்தும். கரையில் ரப்பர் பட்டையைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டியபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியும், தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சியும் நாளுக்கு இருமுறை.

திரும்பி நீந்தத் தொடங்கியபோது நோட்டின் பத்திகளை இடம் மாற்றினேன். முதல் பத்தி கைவீச்சு, தூரம் இரண்டாவது. ஒரு நீளத்துக்கு 26-ஐத் தாண்டினால் அன்றைய பயிற்சி அந்த இடத்தில் முடிந்தது, எவ்வளவு தூரம் ஆகியிருந்தாலும் சரி. முதல் வாரம் இந்த விதி 900 மீட்டரிலேயே அவரைக் கரையேற்றியது, கோபம் வந்தது, எனக்குப் பேச்சு விழுந்தது. கை தோளுக்கு நேர் எதிரே, விரல் நுனிகள் முதலாக, உள்ளங்கை கீழ்நோக்கி நுழைய வேண்டும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை இருபக்கமும் மாறி மாறி மூச்சு வாங்க வேண்டும். இடப்பக்கம் மூச்சு வாங்குவது இரண்டு வாரம் வரை தண்ணீர் குடிப்பதாகவே இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஞாயிற்றுச் செய்தியில் எண்கள் நின்றன. அந்த வாரம் கற்றது என்ன என்று இரண்டு வரி மட்டும்.

13-ஆம் வாரத்தில் பயிற்சியாளர் வேகத்தைக் கணக்கிட்டார். முழு முயற்சியோடு 400 மீட்டர், போதிய ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர் நீந்த வைத்து, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பார்க்கும் முறை இது. அவருக்கு 400 மீட்டர் 10 நிமிடம் 40 விநாடி. 200 மீட்டர் 5 நிமிடம். வித்தியாசம் 340 விநாடி. அது 200 மீட்டருக்கு ஆனதால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி. மூச்சும் தசையும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகத்தின் மேல்வரம்பு ஏறத்தாழ அதுதான். 5 கிலோமீட்டருக்கு அதைவிடப் பத்து விநாடி மெதுவாக, 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்று வைத்தோம். ஒரு நீளம் 45 விநாடி. 500 மீட்டர் 15 நிமிடம். முழுத் தூரம் இரண்டரை மணி நேரம். கைக்கணக்கில் அடங்கும் எண்கள் என்பதால் கரையில் நின்றே சரிபார்க்க முடிந்தது. பயிற்சியில் அவர் நீந்திய அதிகபட்சத் தூரம் 3,600 மீட்டர். முழு 5 கிலோமீட்டரை முன்கூட்டி ஒருமுறை நீந்திப் பார்க்க அவர் விரும்பியும் பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை.

அந்த நாள்

தண்ணீர் 28 டிகிரி. அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொண்டார். இரண்டு மணி நேர உராய்வில் நீச்சலுடையின் ஓரம் தோலை அறுத்துவிடும். உயிர்காப்பாளரிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தோம். எண்ணுவதற்கு இருவர், ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் பார்க்காமல். நான் ஒவ்வொரு 50 மீட்டருக்கும், அதாவது அவர் எங்கள் முனைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், கடிகார நேரத்தையும் சேர்த்து எழுதினேன்.

முதல் 500 மீட்டரை 13 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். கூடியிருந்தவர்களின் கைதட்டல் செய்த வேலை. 15 என்று எழுதிய அட்டையைத் தண்ணீருக்கு அருகே நீட்டிக் காட்டினேன், கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தார், அடுத்த 500 மீட்டர் 14 நிமிடம் 50 விநாடிக்கு வந்தது. 1,000 மீட்டருக்கு ஒருமுறை சுவரில் நின்று தண்ணீர் குடித்தார். நீந்துபவருக்கும் வியர்க்கும், நனைந்த உடலில் அது தெரியாது என்பதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும் என்பது முன்பே பேசிய ஏற்பாடு.

3,000 மீட்டரைத் தாண்டிய சற்று நேரத்தில் என் நோட்டு 124 நீளம் என்றது. உடன் எண்ணியவரின் தாள் 126 என்றது. நாங்கள் ஒரே முனையில் நின்று இரண்டிரண்டாக எண்ணியதால், இரண்டு நீள வேறுபாடு என்பது ஒரே ஒரு கோடு. யாரோ ஒருவர் ஒருமுறை தவறியிருக்கிறோம். நினைவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. நீந்துபவரைக் கேட்பதும் வீண், அவர் ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டிருந்தார். முதல் 500 மீட்டரையும் தண்ணீர் குடிக்க நின்ற இடங்களையும் தவிர, என் நோட்டில் அருகருகே எழுதிய நேரங்களின் இடைவெளி எல்லாம் ஒரு நிமிடம் 28 விநாடிக்கும் 34 விநாடிக்கும் இடையே சீராக இருந்தன. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருந்தால் ஓரிடத்தில் மூன்று நிமிட இடைவெளி தெரிந்திருக்கும்; அப்படி எதுவும் இல்லை. பக்கத்து லேனில் அதே நிறத் தொப்பி அணிந்த ஒருவர் திரும்பியபோது மற்றவர் ஒரு கோடு போட்டுவிட்டார் என்பதைச் சற்று நேரத்தில் அவரே கண்டுகொண்டார். 124 என்று வைத்துக்கொண்டோம். ஐயம் வந்தால் குறைந்த எண்ணே செல்லும் என்று நீந்துபவர் முன்பே சொல்லியிருந்தார். நேரம் எழுதியிருந்ததால் ஐயத்துக்கே இடமில்லாமல் போனது.

3,200 மீட்டரில் சுவரை உதைத்துத் தள்ளியபோது வலக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மிதந்தபடி பெருவிரலைத் தன் பக்கம் இழுத்து ஒரு நிமிடம் வைத்திருந்தார், தசை இளகியது. அதன்பின் சுவரை உதைப்பதை மென்மையாக்கிக்கொண்டார். 3,500-க்கு மேல் ஒவ்வோர் ஐந்தாவது நீளத்தையும் மல்லாந்து நீந்தினார். தோள் கடைசிவரை வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். 4,000-க்குப் பிறகு கனத்தது, ஆனால் குத்தவில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அதற்குள் நன்றாகக் கற்றிருந்தார். கைவீச்சு 25-லேயே நின்றது.

200-ஆவது நீளம் 2 மணி 36 நிமிடம் 20 விநாடியில் முடிந்தது. உடனே ஏணியில் ஏற முயன்றவரைப் பயிற்சியாளர் தடுத்து, இரண்டு நிமிடம் தண்ணீரிலேயே நிற்க வைத்தார். நெடுநேரம் கிடைமட்டமாக இருந்த உடல் சட்டென நிமிரும்போது, அதுவரை கால்களை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீரும் விலகுவதால், இரத்தம் கீழே இறங்கித் தலை சுற்றும். இருவர் பிடித்துக்கொள்ளத்தான் ஏறினார். அப்படியும் முழங்கால் மடங்கியது.

பணம்

பணம் எதுவும் அவர் கைக்கு வராதபடி தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்திருந்தார். தருவோர் நேரே அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் செலுத்தினர். இரசீது அவரவர் பெயரில் சென்றது. குளத்துக் கட்டணம், பயிற்சியாளர் ஊதியம், இயன்முறைச் சிகிச்சை எல்லாம் அவருடைய சொந்தச் செலவு. நன்கொடையிலிருந்து சவாலின் செலவைக் கழிப்பது எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழிப்பதானால் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை.

வாக்களித்தல் வேறு, வந்து சேர்தல் வேறு. நீச்சலுக்கு முன்பே செலுத்தியவர்கள் 17 பேர். மீதி 29 பேரில் மூன்று வாரத்துக்குள் 22 பேர் செலுத்தினர். நினைவூட்டலுக்குப் பிறகு இன்னும் ஐவர். நினைவூட்டும் கடிதம் எழுதுவது, 200 நீளம் நீந்துவதைவிடத் தனக்குக் கடினமாக இருந்தது என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தோன்றவில்லை. நீந்துவதற்கு முன்பே செலுத்தச் சொல்வதும், முடிக்காவிட்டால் என்ன என்பதை அங்கேயே தெளிவாக்குவதும், இந்தச் சங்கடத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கும்.

மீதி இரண்டு வாக்குறுதிகள் இன்னும் வரவில்லை. இரண்டாவது நினைவூட்டல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த முறைக்கென்று தயாரித்த படிவத்தில், “சுற்று” என்று இருந்த கட்டத்தையே எடுத்துவிட்டார்.